ஸி வகைக் கோப்பு

லேப்டாப் சார்ஜரைச் சொருகினாள். சொருகியதை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு ராஜி பேனாவின் மூடியைக் கழற்றினாள். குறிப்பு எழுதாமல் அவள் எதையும் தொடுவதில்லை. "பயாஸ் புதுப்பிப்பு. காரணம்: அதிகச் சூடு. தொடக்கம் மாலை 3.40." கையெழுத்து, தேதி. அதற்கப்புறம்தான் எண்டரைத் தட்டினாள்.

"அரை மணி நேரத்துக்கு யாரும் இஸ்திரிப் பெட்டி போடப்படாது, ஃப்யூஸ் போயிடும்," என்றாள். வீட்டில் இருந்த 'யாரும்' அவள் கணவர் சேஷன் ஒருவர்தான்.

"கீஸர்?"

"கூடாது. மூச்சு விடலாம்."

ராஜிக்கு நாற்பத்தொன்பது வயது. ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். சேஷனுக்கு வேறொரு அமைச்சகத்தில் அதே பதவி. பகலெல்லாம் ஆபீஸில் ஃபைல் பார்த்த கை, மாலையில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் துப்பாக்கி பிடிக்கும். ஐந்து பேர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் ஆட்டம்; அவள்தான் கேப்டன். மற்ற நால்வருக்கும் அவள் வயதில் பாதி. "ஜல்தி இல்ல பையா, மொதல்ல பாரு, அப்பறம் சுடு," என்று ஹெட்ஃபோனில் அவள் சொல்வது சேஷனுக்கு மனப்பாடம். மார்க்கெட்டிலும் தெருமுனை திரும்பும் முன் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பாள்.

போன சனிக்கிழமை அரையிறுதியில் லேப்டாப் கொதித்து இரண்டு முறை அணைந்தது. அப்படியும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் இன்று ஆறு மணிக்கு. சூட்டைக் குறைக்க கம்பெனி புதிய பயாஸ் விட்டிருந்தது. லேப்டாப்பில் முதலில் கண் விழித்து மற்றவற்றை எழுப்புவது அதுதான். காலையிலேயே மாற்றியிருக்கலாம், லைன் வேலை என்று மூன்றரைக்குத்தான் கரண்ட் வந்தது.

நாலு மணிக்கு லேப்டாப் தானாக அணைந்து மறுபடி உயிர்பெற்றது. நீலத் திரை. உள்ளே இருக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று ஒரு வரி. மறுபடி போட்டாள். அதே நீலம், அதே வரி.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஃபோன் ஸ்பீக்கரில் பேசினார். "டிஸ்க் கயா, மேடம். ஃபார்மட் கர்னா படேகா. மண்டே லே ஆயியே." டிஸ்க் போய்விட்டதாம், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம், திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

"அச்சா," என்று வைத்துவிட்டாள். "டிஸ்க் எங்கயும் போகல. மத்தியானம் வரைக்கும் பேட்டரில ஓடித்து. நடுவுல ஏதோ மாறியிருக்கு. ஏன்னா, பீரோ மேல இருந்த பச்சை ஃபைல் எங்க?"

சேஷனுக்கு அந்த ஃபைல் தெரியும். லேப்டாப் வாங்கிய அன்று பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து எழுதி, பக்க எண் போட்டு, டேக் கட்டி அவள் வைத்த ஃபைல். அக்டோபரில் அவர் ஆபீஸில் பழைய ஃபைல் கழிக்கும் இயக்கம். நானூறு கழித்து சர்டிபிகேட் வாங்கினார். அந்த வேகம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"பழைய பேப்பர் கபாடிக்காரன்ட்ட போட்டுட்டேன்."

"என்னது?"

"அட்டைல ஸின்னு நீதானே எழுதியிருந்தே. மூணு வருஷம் ஆயிடுத்து. வீட் பண்ணிக் கழிச்சுட்டேன்."

குற்றம் சொல்ல வழியில்லை. ஃபைல் அட்டையில் ஏ என்றால் என்றைக்கும் அழிக்கக் கூடாது, ஸி என்றால் மூன்று வருஷம். இருவரும் அந்த விதியில்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறார்கள். அவள் கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ராஜி எழுந்து பீரோவைத் திறந்தாள். கத்தரிப்பூப் பட்டுப்புடவையைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு கற்றையை உருவினாள். ஜெராக்ஸ், அட்டை உட்பட.

"ஒரிஜினல் மட்டும் வெச்சுண்டா, ஒங்கள மாதிரி ஒருத்தர் வந்து கழிச்சுடுவார். எங்க செக்‌ஷன்லயும் இருக்கா. உக்காருங்கோ, கம்பேர் பண்ணணும்."

அவர் தாளைப் படித்தார். அவள் பயாஸ் திரையைப் பார்த்தாள்.

"செக்யூர் பூட், ஆன்."

"ஆன். மேல படிங்கோ."

ஆறு பக்கம் ஒத்துப்போயின. மணி ஐந்தேகால். ஆட்டக்கார நால்வரில் ஒருவனான அர்விந்த் குர்காவ்னிலிருந்து செய்தி அனுப்பினான்: 'ஆன்ட்டி, ஆறுக்கு வரலேன்னா எதிர் டீமுக்கு வாக்ஓவர்.' அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏழாம் பக்கம். "டிஸ்க் மோடு, ரெய்டு."

ராஜி திரைக்கு அருகில் குனிந்தாள். சேஷன் நிமிர்ந்தார்.

"திருப்பிப் படிங்கோ."

"ரெய்டு."

"இங்க வேற என்னமோ போட்டிருக்கு," என்றாள் ராஜி, மெதுவாக. டிஸ்க் இருந்த இடத்தில்தான் இருந்தது. புதிய பயாஸ் அதைப் படிக்கும் முறையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தது. அவள் பழையபடி மாற்றினாள். சேமித்தாள். திரை கறுத்தது. வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு, அவள் எப்போதும் வைத்திருக்கும் லோதி தோட்டத்துப் படம்.

"5.22. கோளாறு நீங்கியது," என்று எழுதிவிட்டுத்தான் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

சேஷன் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கினார். லேப்டாப்பின் விசிறி இந்த முறை இரையவில்லை. "வலது பக்கத்த விடு பையா, அது என்னோடது," என்பது கேட்டது. ஏழேகாலுக்கு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஜெயித்த சந்தோஷத்தில் நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தியது சமையலறை வரை வந்தது.

"பஸ், பஸ், போறும்," என்றாள் ராஜி மைக்கில். "எல்லாரும் போய்த் தண்ணி குடிங்கோ." முகத்தை இருபது வயசாக்கியிருந்த சிரிப்பை மறைக்க அவள் முயலவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சேஷன் திங்கட்கிழமைக்குச் சட்டைகளை இஸ்திரி போட்டார். ராஜி மார்க்கெட்டுக்குப் போய் பீன்ஸும், அந்தக் கற்றைக்கு இன்னும் இரண்டு ஜெராக்ஸும் எடுத்துவந்தாள். டேக் கட்டினாள். அட்டையில் இருந்த ஸி-யைச் சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ஏ என்று எழுதினாள். ஃபைலைச் சேஷன் பக்கம் தள்ளினாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஏ-க்குக் கீழே இனிஷியல் போட்டு, தேதியும் போட்டார்.