குமரேசன் அண்ணன் சொல்லாமல் விட்ட பெயர்

கடைசிவரை எந்த வாட்ஸப் குழுவிலும் சேராத குமரேசன் அண்ணனின் சாவுச் செய்தி, போன செவ்வாய்க்கிழமை காலையில் ஐந்து குழுக்களில் எனக்கு வந்தது. மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். கூடவே அவருடைய போன் நம்பர், வீட்டு விலாசம், கதவு எண் உட்பட. மனிதர் இருந்திருந்தால் ஐந்து பேரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர், கேமரா, கைரேகை வைக்கும் மெஷின் எல்லாவற்றையும் கான்ட்ராக்டில் பார்த்துக்கொண்டவர் அவர். நான் டைம் ஆபீஸில், தொழிலாளர்களின் வருகைப் பதிவைக் கவனித்துவந்தேன். அவர் வந்த முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. தையல் லைனில் என்ன மாடல் பனியன் ஓடுகிறதோ அதன் ஸ்டைல் நம்பர்தான் அப்போது எங்கள் எல்லோருக்கும் பாஸ்வேர்ட். மறக்காது, மறந்தாலும் சுவரில் தொங்கும் போர்டில் பெரிதாக எழுதியிருக்கும். அண்ணன் நேராக முதலாளி அறைக்குப் போனார். கண்ணாடி வழியாகப் போர்டைப் பார்த்தார், தட்டினார், முதலாளியின் கம்ப்யூட்டர் முதலாளியின் கண்ணெதிரிலேயே திறந்துகொண்டது. "நானா இருக்கப்போயி உங்க முன்னாடி தொறந்தேனுங்க. அடுத்தவன் சொல்லிட்டா தொறப்பான்?" என்றார். முதலாளிக்கு முகம் சிவந்துபோனது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்.

இனி, அப்போது நம் கம்பெனியில் இருந்த நீங்கள் பாதி மட்டும் அறிந்த கதைக்கு வருகிறேன். தேர்தல் நேரம். கம்பெனி விடுதிப் பெண்களில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் அல்லவா? திடீரென்று ஒவ்வொருத்தி போனுக்கும் பேர் சொல்லி, ஊர் சொல்லி, விடுதி அறை எண் வரை சொல்லி மெசேஜ் வந்தது. ஓட்டுப் போட ஊருக்குப் போக பஸ் தயார், இன்ன சின்னத்தில் போடுங்கள் என்று. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டே நாளில் யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். "ரெண்டாம் மாடி ஜன்னல் ஓரந்தானே" என்று ஒருவன் சிரித்தானாம். அந்தப் பெண் அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள்.

பழி விடுதி வார்டன் ஜெசிந்தா அக்கா மேல் விழுந்தது. அறை எண் அவருக்குத்தானே தெரியும் என்றார்கள். "எம்புள்ளைகளோட நம்பர நா ஏன்யா குடுக்கப் போறேன்? இந்த ஊரு வந்து இத்தன வருசத்துல ஒரு பேச்சு வாங்கிருக்கேனா?" என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். சனிக்கிழமையோடு கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், முதலாளி, வார்டன் எல்லோரும் இருக்க, அண்ணன் ஒரு பழைய டிபன் டப்பாவோடு வந்தார். உள்ளே மூன்று பட்டன் போன்கள். விடுதிப் பட்டியலை அவர்தான் அச்செடுத்துத் தருவார். விடுதிக்கு ஒன்று, கம்பெனி பஸ் பார்ப்பவருக்கு ஒன்று, டைம் ஆபீஸுக்கு ஒன்று. மூன்றிலுமே, விடுதியில் இல்லாத ஒரு கற்பனைப் பெண்ணின் பெயரை நடுவில் நுழைத்து வைத்திருக்கிறார் மனிதர்! ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போட்ட நம்பருக்கு அந்த டப்பாவில் ஒரு போன். எந்தப் போனுக்குக் கட்சி மெசேஜ் வந்திருக்கிறதோ, அந்தப் பட்டியல்தான் வெளியே போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

"அப்ப எங்க எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, இல்லீங்க அம்மிணி. நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தா தப்பான ஆளு மாட்டிக்கக் கூடாதில்லீங்க? அதுக்குத்தான்."

விடுதிக்குக் கொடுத்த பட்டியலின் போனை எடுத்தார். ஒன்றும் இல்லை. ஜெசிந்தா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சுற்றி நின்ற பெண்கள் கை தட்டினார்கள். அக்காவைத் தூக்கி நிறுத்தி இரண்டு பேர் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் அண்ணன் மற்ற இரண்டு போன்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடியதை நான் மட்டும்தான் பார்த்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

என் பெரியப்பா மகன் அந்தக் கட்சியில் இருந்தான்; மெசேஜ் வருவதற்குச் சில நாள் முன்பு என்னிடம் வந்தான். "ஊருக்குப் போக அந்தப் புள்ளைகளுக்குப் பஸ் உடறோம், எந்த ஊருக்கு எத்தனை பேருன்னு தெரியோணும், லிஸ்டக் குடு" என்றான். டிக்கெட் கிடைக்காமல் அந்தப் பெண்கள் படும் பாட்டைப் பார்த்திருந்த எனக்கு அது புண்ணியமாகப் பட்டது. டைம் ஆபீஸ் பட்டியலைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். பஸ்ஸுக்குக் கொடுத்தது பஸ்ஸோடு நின்றுவிடும் என்று நம்பினேன். ஜெசிந்தா அக்கா கேள்வி கேட்டபோது உண்மையை மறைத்துக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றேன்.

முதலாளி விடவில்லை. "ஆருன்னு சொல்லிப்போடு குமரேசு" என்றார்.

"அந்தக்கா இல்லைன்னு காட்டறது என்னோட வேலைங்க, காட்டிட்டேன். தப்புப் பண்ணுனவங்க பேர அவங்கதானுங்க சொல்லோணும். சொல்லுவாங்க."

அவர் பெயரைச் சொல்லாததால் மறு மாதம் கான்ட்ராக்ட் வேறொருவருக்குப் போனது. அண்ணன் ஊத்துக்குளி ரோட்டில் சின்னதாகச் செல்போன் கடை போட்டார். நாலைந்து முறை அங்கே போயிருக்கிறேன். சொல்லிவிட்டீர்களா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா அம்மிணி?" என்பார், டீ சொல்லுவார். கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது யாராவது ஒரு பட்டியல் கேட்டால், அதில் இருப்பவர்களைக் கேட்காமல் நான் கொடுப்பதில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பழக்கம் இது. இதற்காக மூன்று பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன், சந்தோஷமாகவே போட்டேன். ஆனால் அவர் என்மேல் வைத்த நம்பிக்கையும் என்னிடம்தான் இருக்கிறது. அதை அவர் உயிரோடு இருந்தபோது நான் காப்பாற்றவில்லை.

ஜெசிந்தா அக்கா, பெட்டியைக் கட்டிக்கொண்டு போன தங்கச்சி, அந்த விடுதியில் இருந்த எல்லோருக்கும் சொல்கிறேன். உங்களைக் கேட்காமல் உங்கள் நம்பரைக் கொடுத்தது டைம் ஆபீஸ் சுகந்தி. நான்தான்.