நிபந்தனை எழுதாத வீடு

கீழக்கரையில் பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் தலையில் ஒரு வீடு ஏறிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சதக்கத்துல்லாவும் தன் இளமையை முழுக்க ஜித்தாவில் ஒரு கடையில் கரைத்து, மகள் மாஷிதாவுக்கு மாடி வைத்த வீடு கட்டினார். நிக்காஹுக்கு முன்பே அவள் பேருக்கு எழுதியும் கொடுத்தார். பத்திரம் எழுதியவர், "கடைசி வரைக்கும் பாத்துக்கணும்னு ஒரு வரி சேத்துருவோமா?" என்று கேட்டார். "பெத்த மககிட்ட கண்டிஷன் போடவா? ஊரு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டார் இவர்.

மனைவி மவுத்தாகும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மருமகன் இஃப்திகாருக்குச் சென்னை மோகம் பிடித்தது. வீட்டை விற்று அங்கே ஃபிளாட் வாங்குவார்களாம். அதில் இடம் பத்தாதாம். வாப்பாவுக்கு நல்ல முதியோர் இல்லம் பார்த்திருக்கிறார்களாம். வீட்டை அளந்துகொண்டிருந்த புரோக்கரை வைத்துக்கொண்டே இதைச் சொன்னார்கள். கேட்கிற நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு வரவில்லை. அன்றோடு உள்ளே ஏதோ மரத்துப்போனது. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை. தொழுது முடித்தால் என்ன ஓதினோம் என்று நினைவில்லை.

பக்கத்து வீட்டு ஹாஜா முகைதீன்தான் இழுத்துக்கொண்டு போனார். "கோர்ட்டுக்குப் போனா நீங்க மவுத்தான பொறகுதான் தீர்ப்பு வரும் காக்கா. இது ஆர்டிஓ ஆபீஸ்ல கோட்டாட்சியர் நடத்துற தீர்ப்பாயம். பெத்தவுகளுக்குன்னே வச்சிருக்காக. வக்கீலுக்கு அங்கன வேலையே இல்லை. நீங்க பேசுனாப் போதும்."

பேசுவதுதான் அவருக்குச் சிரமம் என்று ஹாஜாவுக்குத் தோன்றவில்லை.

ராமநாதபுரத்தில் விசாரணை. கூண்டும் இல்லை, கறுப்பு அங்கியும் இல்லை. ஒரு மேசை, அதற்கு அந்தப்பக்கம் கோட்டாட்சியர் அம்மா. இந்தப்பக்கம் ஒரே பெஞ்சில் அப்பனும் மகளும் மருமகனும். மாஷிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

கோட்டாட்சியர் பத்திரத்தைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷி. "ஐயா, பாத்துக்கணும்னு இதுல நிபந்தனை எதுவும் இல்லை. போகட்டும். எழுதிக் கொடுக்கும்போது வாயாலயாவது சொன்னீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொல்லியிருந்தா பத்திரத்தை ரத்து பண்ண எனக்கு வழி இருக்கு."

ஹாஜா பின்னாலிருந்து கனைத்தார். ஒரு "ஆமா" போதும், வீடு திரும்பிவிடும். அது சதக்கத்துல்லாவுக்கும் தெரிந்தது.

"இல்லம்மா. மகளுக்குக் குடுக்கயில அப்படியெல்லாம் யாரும் சொல்ல மாட்டாக."

கோட்டாட்சியர் பேனாவை மூடிவைத்தார். "அப்ப வீட்டுல நான் கை வைக்க முடியாதுங்கய்யா. மாசாமாசம் உங்க செலவுக்கு மட்டும்தான் உத்தரவு போடலாம்."

வெளியே வந்ததும் ஹாஜா தலையில் அடித்துக்கொண்டார். சதக்கத்துல்லாவுக்கு வருத்தம்கூட வரவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் மாஷிதா புருஷனிடம் சொல்வது கேட்டது.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல? வாப்பா வாயில பொய் வராது. இதுக்குப் போயி தூங்காம கிடந்தீகளே."