கொலுவில் வந்த சித்தி

எனக்கு எண்பத்தொரு வயசு. நாலு பெற்றேன், நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஆறு வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. இப்போது ஆளுக்கொரு ஊர். லீவுக்குப் பேத்தி வந்தால்தான் வீட்டில் பேச்சுச் சத்தம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டு மாடியறையில் சித்தப்பா இருந்தார். சித்திரப் பள்ளிக்கூடத்து வாத்தியார். முகம் வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். வீட்டில் மட்டும் வாய் கிடையாது. தாயில்லாத அவரை வளர்த்தது பெரியம்மா, மூத்த அண்ணாவின் மனைவி. பிள்ளை பிறக்கவில்லை என்று சித்தியை நாகர்கோவிலுக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பியதும் பெரியம்மாதான். சித்தப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கி வருவார்.

அந்த நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள் வெளுத்துக் கிடந்தன. “ஆத்திலேயே வாத்தியார் இருக்கச்சே வெளியில எதுக்குக் குடுக்கணும்?” என்று பெரியம்மா எல்லாவற்றையும் மாடிக்கு அனுப்பினாள். வர்ணம் பூசி வந்ததைச் சரியாகப் பாராமல் படியில் அடுக்கிவிட்டாள், கண் மங்கல்.

முதல் நாள் வெற்றிலை பாக்குக்கு வந்த எதிராத்து மாமி மகாலட்சுமியை உற்றுப் பார்த்தாள்.

“ஏண்டியம்மா, உன் ஓர்ப்படியை அனுப்பிச்சுட்டேன்னியே, அவ இங்கேயல்லோ ஜம்முனு உட்கார்ந்திருக்கா!”

அந்த அகலக் கண், மோவாய்க் குழி, சித்தியேதான். எனக்கு ஒரே குதூகலம்.

வைத்த பொம்மையை நடுவில் எடுக்கக் கூடாது. அதனால் பெரியம்மா தினமும் சித்தி முகத்துக்கே ஆரத்தி எடுத்தாள். தெருவே வந்து பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்து, சுண்டலோடு போயிற்று. சித்தப்பா பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து தூணோரம் நிற்பார். பொம்மையைப் பார்க்க மாட்டார். பெரியம்மா வாயையே பார்ப்பார். ‘போய்க் கூட்டிண்டு வாடா’ என்று அவள் சொன்னால் அந்த நிமிஷமே பஸ் ஏறியிருப்பார். அப்போது எனக்கு என்ன தெரியும்?

விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். பெரியம்மா மகாலட்சுமியைத்தான் எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா ஓரடி முன்னால் வந்தார்.

“கலர் நன்னா வந்திருக்குடா” என்றாள். பொம்மையைப் படுக்க வைத்துத் துணியால் மூடினாள்.

“சரி மன்னி” என்று சித்தப்பா மாடியேறினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். “சித்தப்பா, பெரியம்மா யாரையுமே இப்படிப் புகழ்ந்ததில்லை, தெரியுமோ?”

அவர் என் தலையைத் தடவினார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார். குளிர் ஜுரம் போலிருக்கிறது என்று கீழே ஓடிவந்து, சித்தப்பாவுக்குக் கஷாயம் போடச் சொன்னேன், பெரியம்மாவிடமே.

போதும்டி கண்ணு. முதல்லேருந்து வாசி, நிதானமா வாசி.