சாமி பாதையில் டீச்சர் வீடு

நாலாம் வகுப்போடு நின்ற நான் வள்ளியூர் பக்கம் அரிசி மில் கட்டினேன், கல்யாண மண்டபம் கட்டினேன். தங்க இடமில்லாமல் டீச்சர்கள் மாற்றல் வாங்கிப் போனதால், எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடும் கட்டினேன். சுடலைமாடன் போகும் பாதை அது என்று ஊரே தடுத்தது. நான் கேட்கவில்லை.

கோயில் கொடைத் திருவிழாவன்று மத்தியானம் சாமியாடி வேல்கம்போடு, அந்த வீட்டில் குடிவந்திருந்த புது டீச்சர் வாசலில் நின்றுவிட்டார். மேளம் அடங்கியது. டீச்சர் ஊரைவிட்டுப் போகப் பெட்டியை எடுத்துவிட்டார். அவரும் போனால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

"யாரைக் கேட்டுலே கட்டுன?"

"நான்தான் கட்டினேன் சாமி. டீச்சர் மேல குத்தமில்ல."

சாமியாடி டீச்சர் நெற்றியில் திருநீறு பூசினார். "நீ இங்கனயே இரு தாயி." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்னை அடுத்த கொடையில பைய பாத்துக்கிடுதேன்லே."

டீச்சர் தங்கிவிட்டார். சாமிதான் தங்க வைத்தது என்கிறார்கள். அடுத்த கொடை நெருங்குகிறது. சாமி என்னைப் பார்த்துக்கொள்வதற்குள்ளாவது, டீச்சர் தங்கியது நான் கட்டிய வீட்டால்தான் என்று யாராவது சொல்லிவிடுங்கள்.