கப்பல் நின்றால் இறங்கும் கமெரா

கொழும்பில், கொட்டாஞ்சேனை மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி சுபோதினி வடதுருவக் கடலின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுதான் அவளுடைய வேலை. கணவன் கிளின்ரன், கிறீன்லாந்துக் கரையோர ஊர்களுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் மாலுமி. ஆய்வுக்கென்று தனிக்கப்பல் விட வசதியில்லாத சில நோர்வே விஞ்ஞானிகள் அந்தச் சாமான் கப்பலிலேயே ஒரு கமெராவைக் கொடுத்து வைத்திருந்தார்கள். கப்பல் நிற்கும்போது கிளின்ரன் ஓர் இரும்புச் சட்டத்தில் மீன்துண்டை இரையாகக் கட்டி, கமெராவோடு சேர்த்துக் கயிற்றில் இறக்குவான். ஓடும்போது இறக்கினால் கயிறு அறுந்துவிடும். வீடியோ செய்மதி வழியாக வந்து சேரும். இரைக்கு வரும் உயிர்களை எண்ணிச் சொல்ல ஆள் தேடியபோது அவன்தான் மனைவியின் பெயரைக் கொடுத்தான்.

வெள்ளவத்தையில் வளர்ந்த சுபோதினிக்கு அதுவரை கடல் என்றால் ரயில் பாதைக்கு அப்பால் தெரியும் நீலம்தான். இப்போது எந்த ஜெலி மீன், எந்தக் கொட் மீன் என்று நிழலைக் கண்டே சொல்லிவிடுவாள். ஆனாலும் அவள் ஆசையோடு பார்ப்பது வீடியோவின் தொடக்கத்தைத்தான். கமெராவை இறக்குமுன் கிளின்ரன் குனிந்து கண்ணாடியைத் துடைத்து, ஒரு தரம் கண்ணடிப்பான்.

கிளின்ரனுடையது தலைமுறையாகக் கப்பலுக்குப் போகிற குடும்பம். கப்பலில் இருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்வதில்லை, கேட்பதுமில்லை என்பது அந்த வீட்டுப் பழக்கம். தகப்பன் செத்ததைக்கூட அவன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். கூடவே இருக்கும் அவன் அக்கா மிதுனா, கல்யாணமாகி வந்த கிழமையே இதைச் சுபோதினிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை வந்த வீடியோவில் கிளின்ரன் வழக்கம்போலக் கண்ணடித்தான். பிறகு கமெரா திடீரென்று குலுங்கி, வேகமாக விழுந்தது. அலையாக்கும் என்று அவள் நினைத்தாள். அடியில் கூனி இறால் மொய்த்திருந்தது. இரையும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை. அப்படியொரு கூட்டத்தை அவள் கண்டதே இல்லை. பின்னேரம் முழுக்கச் சந்தோஷமாக எண்ணினாள். இதைச் சுண்டினால் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும் என்று மிதுனா பகிடி விட்டாள். நோர்வேயிலிருந்து பாராட்டு வந்தது.

அடுத்த வீடியோவில் வேறொருவனின் முகம். அவன் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

அவள் கிளின்ரனுக்கு அழைத்தாள். நெட் சரியில்லை என்று முகத்தைக் காட்டாமலே கதைத்தான். நாக்குத் தடித்ததுபோல் குரல் இழுபட்டது. பழக்கத்துக்குக் கட்டுப்பட்டு அவளும் குளிரைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

மனம் கேட்கவில்லை. திங்கட்கிழமை வீடியோவைத் திரும்பப் போட்டாள். கூனிகள் இரண்டு இடத்தில் மொய்த்திருந்தன. ஒன்று மீன்துண்டு. மற்றது கயிற்றில் சிக்கியிருந்தது. ஒரு கணம் அவை விலகியபோது மஞ்சள் ரப்பர் தெரிந்தது. அதில் சிவப்பாக இரண்டு எழுத்து. மற்றவர்கள் மாறி எடுக்காமலிருக்க, அவன் கையுறையில் அவளே நகப்பூச்சால் எழுதிக் கொடுத்த எழுத்து. வெறும் ரப்பரைத் தேடிக் கூனி வராது.

உடனே மறுபடி அழைத்தாள்.

“கையைக் காட்டுங்கோ.”

அவன் சிரித்தான். “உம்மட கண்ணுக்குத் தப்பேலாது என? ரெண்டு விரல்தான். கயிறு இழுத்துட்டுது.”

காய்ச்சல் கண்டதும் கப்பலைத் திருப்பிவிட்டார்கள், அதிலிருந்து எங்கேயும் நில்லாமல் ஓடுகிறது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், காய்ச்சல் ஒன்றும் பெரிதில்லை என்றெல்லாம் சொன்னான்.

“ஏன் கேட்டனீர்?” என்று மிதுனா பாய்ந்தாள். “கடல்ல நிக்கிறவன்ர வாயால கெட்டது வரப்படாது எண்டு சொன்னனான் தானே.” சேலையை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் புதிய வீடியோ ஒன்று வந்திருந்தது. அன்றைய திகதி. சுபோதினி மீன்களைப் பார்க்கவில்லை. கமெரா மேலே வரும்போது, வெளிச்சம் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக மூடிக் கிடந்தது.

அவனை அழைத்து, போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். கோயிலிலிருந்து வந்த மிதுனா செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்றாள்.

“கப்பல் நிக்குது, என்ன?”

“நாலு பக்கமும் ஐஸ். ஹெலிக்கொப்டருக்குச் சொல்லியாச்சு. மூடுபனி விடுறதா இல்ல.” பிறகு தாழ்ந்த குரலில், “கை அழுகி மணக்கத் தொடங்கிட்டுது, சுபோ. அக்காட்ட மட்டும் சொல்லாதயும்” என்றான்.

சுபோதினி தலையை நிமிர்த்தினாள். மிதுனா கதிரையைப் பிடித்துக்கொண்டு போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“கிளின்ரன், நான்தான். என்ன மருந்து போடுறாங்கள்? மறைக்காமச் சொல்லு.”

“மருந்து நேற்றோட முடிஞ்சுது அக்கா.”