திரைக்கு வந்த தாலித்தட்டு

பிரிக்பீல்ட்ஸில் மாடியறை ஒன்றை வைத்துக்கொண்டு, கல்யாணங்களை நேரலையில் காட்டிப் பிழைக்கிறேன். கணினியில் நிறுவ வேண்டிய பெரிய மென்பொருள்தான் என் பெருமை. புது மாப்பிள்ளை மாதிரி அது. உபசாரம் எல்லாம் முடிந்தால்தான் உட்காரும். அதைப் பழக மாதக்கணக்கில் மல்லாடியதால், பிரௌசரில் லிங்கைத் தட்டியதும் ஓடுகிற எதையும் நான் மதித்ததில்லை. கஷ்டப்பட்டுக் கற்றவனின் திமிர்.

கிள்ளானில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ஷா ஆலமில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். தேங்காய்மேல் தாலி வைத்த தட்டை எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கும்போது, அப்பாவும் ஆசீர்வதிக்க வேண்டும் என்பதுதான் பெண்ணின் ஒரே ஆசை. அவர் முகத்தை மண்டபத்தின் பெரிய திரையில் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டேன். அதற்காக, அவருடன் இருந்த மகனின் மடிக்கணினியிலும் அதே மென்பொருளைப் போட வைத்தேன்.

தட்டு முன்வரிசைக்கு வந்தபோது மகன் போனில் அழைத்தார். "அண்ணே, அப்டேட் கேட்டுச்சு, அமுக்கிட்டேன். இப்ப ரீஸ்டார்ட் ஆவுது."

என் பக்கத்தில் நின்றிருந்த கல்யாணப் பெண்ணின் சித்தி காதில் அது விழுந்துவிட்டது. "தம்பி, நான் ஒரு லிங்க் அனுப்புறேன். போன்ல தொட்டா வந்துரும் லா."

"அது சரியா வராது ஆன்டி. ரெண்டே நிமிசம்."

முகூர்த்தம் யாருக்காக நிற்கும்? திரையில் என் கடைச் சின்னம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டு அதைத் தாண்டி மேடைக்குப் போனது. கெட்டிமேளம் முழங்கியது. அதற்குமேல் சித்தி என்னைக் கேட்கவில்லை, மகனின் போனுக்கு லிங்கை அனுப்பிவிட்டார். மூச்சு விடும் நேரத்தில் அவருடைய போனில் அப்பா தெரிந்தார்.

"தட்டு எங்கம்மா? இன்னும் கட்டலதானே?"

பெண் மாலையை இழுத்துத் தாலியை மறைத்துக்கொண்டாள். வெறும் தேங்காய் இருந்த தட்டை எடுத்து போனுக்கு முன் நீட்டினாள். "இல்லப்பா. நீங்க தொட்டாத்தான் கட்டுவாங்க."

அவர் அங்கே போன் திரையில் தெரிந்த தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. திட்டவாவது செய்திருக்கலாம் அவர்கள்.

மறுநாள் பெண் அழைத்தாள். "அண்ணே, வீடியோவுல அப்பா தொட்டத முன்னாடியும், தாலி கட்டுனத பின்னாடியும் வச்சுக் குடுங்க. அவரு அடிக்கடி பார்ப்பாரு."

மாற்றி வைத்துக் கொடுத்தேன். அந்த வேலையை மட்டும் என் மென்பொருள் ஒரு குறையும் இல்லாமல் செய்தது.