ஈர மசால் தின்ற குதிரை

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் கிணற்றுக் காட்டில் கொஞ்சம் குதிரை மசால் தீவனம் போட்டிருந்தோம். பெயரில்தான் குதிரை, எங்கள் பக்கம் அதைத் தின்றதெல்லாம் மாடு. எண்பதுகளின் நடுவில்தான் அது நிஜமாகவே குதிரைக்குப் போக ஆரம்பித்தது. பாலக்கோட்டில் பெண் எடுத்திருந்த ஒரு பாய், பெங்களூர் ரேஸ் குதிரை லாயத்தில் வேலையில் இருந்தார். மாமியார் வீட்டுக்கு வந்தவர் எங்கள் காட்டைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை அனுப்பச் சொன்னார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்.

“அறுத்து நெழல்ல பரப்பி வாட விடுங்க. ஈரமா கட்டிடாதீங்க. கட்டுக்குள்ளயே சூடேறிப் போவும். அதத் தின்னா குதிரைக்கு வயித்துல காத்துக் கட்டிக்கும். வாந்தி எடுக்கத் தெரியாத ஜீவனுங்க அது. உள்ள போனா போனதுதான்.”

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். பயந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். அவ்வளவு பெரிய உடம்புக்கு வாந்தி எடுக்கத் தெரியாது என்று கேட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்காமல் நான் லாரி ஏற்றியதில்லை.

ஒரு வாரம் காரிமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். கொத்தமல்லி, கீரை வியாபாரம் செய்யும் அண்ணன்தான் மசாலையும் ஏற்றிவிட்டார். மறுநாள் காலை டீக்கடையில் பெருமையாகச் சொன்னார்.

“உன் மசால் வாடிக் கெடந்துச்சுடா. கொத்தமல்லிக்கு அடிக்கற மாதிரி நல்லா தண்ணி அடிச்சு, ஈரச் சாக்குப் போட்டு மூடி அனுப்பிட்டேன். எறக்கறப்பப் பாரு, பச்சப் பசேல்னு இருக்கும்.”

அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பச்சையாக எதை லாரி ஏற்றினாலும் தண்ணீர் தெளித்துத்தான் ஏற்றுவார்கள். நான் டீ கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிச் சட்டையை மாற்றினேன். என் சம்சாரம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“குதிரைக்கு வரவேண்டிய வயித்து வலி உங்களுக்கு வந்துடுச்சா மாமா? எது ஈரம், எது காஞ்சதுன்னு அந்த பாய்க்குத் தெரியாதா?”

“அவரு தூங்கிட்டு இருந்தா?”

“அப்ப குதிரையும் தூங்கிட்டுத்தான் இருக்கும். போயி காட்டுக்குத் தண்ணி கட்டுங்க.”

ஓசூர் போய் அங்கிருந்து பெங்களூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என் மனசுக்குள் ஒரு குதிரை நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

லாயத்து முற்றத்தில் பாய் ஒரு செம்பழுப்புப் பெண் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

“வந்துட்டீங்களா. நீங்க வருவீங்கன்னு தெரியும்” என்றார். “நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள கூட இருக்கறவன் இதுக்கு மட்டும் ஒரு கை அள்ளிப் போட்டுட்டான். மிச்சமெல்லாம் அதோ தரையில ஆறுது. டாக்டர் மூக்கு வழியா குழாய் விட்டு எண்ணெய் குடுத்திருக்காரு. படுத்துப் பொரண்டா குடல் முறுக்கிக்கும், அதான் நடக்க வெக்கறேன். லத்தி போட்டுடுச்சுன்னா பொழச்சிக்கும்.”

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு ஜட்கா வண்டிக் குதிரைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது வேறு ஜாதி உயிர். தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் ஓடை பிரிந்து ஓடுகிற மாதிரி தெரிந்தது. அவ்வளவு வேகத்தையும் இத்தனை மெல்லிய கால்கள் தாங்குமா என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன். அது நடப்பதை நிறுத்தி, கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. வயிறு வலித்தால் எங்கள் மாடும் அப்படித்தான் பார்க்கும். ஓரமாக டாக்டரும், குதிரை பழக்குகிறவரும், பளபளவென்று ஷூ போட்ட முதலாளியும் நின்று குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு குதிரைக்கா பாய் இத்தன பேரு?” என்றேன்.

“இத்தன பேரா?” பாய் சிரித்தார். அவர் முன்பு வளைகுடாவில் ஒரு ஷேக்கின் லாயத்தில் இருந்தவர். அங்கே பல தேசத்துக் குதிரைக்காரர்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறார். என் பயத்தைத் தணிக்கத்தானோ என்னவோ, நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

“ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தன் இருந்தான். அவங்க ஊர்ல வருசத்துல ஒரு பந்தயத்துக்கு ஊருக்கே லீவு உட்டுடுவாங்களாம். நம்ம ஊர்ல பொங்கலுக்கு உடற மாதிரி. இங்கிலாந்துல ராணியம்மாவே குதிரை வளக்கறாங்க. அயர்லாந்துல பந்தயத்தன்னிக்கு பாதிரியாரும் வந்து வேலி ஓரமா நிப்பாராம். ஹாங்காங்ல கரண்டு லைட்டப் போட்டு, மாடி வூடுங்களுக்கு நடுவுல ஓட்டறாங்க. ஜப்பான்ல குதிரை தோத்தாலும் அழுவறாங்க, ஜெயிச்சாலும் அழுவறாங்க.”

“நீங்க இருந்த ஊர்ல?”

“அங்க பந்தயம் கட்டறது எங்க மார்க்கத்துல கூடாது. ஆனா ஜனம் வரும். சும்மா ஓடறதப் பாக்க வரும்.”

அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. காசுக்காகத்தான் குதிரை ஓடுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். காசே இல்லாமலும் வெயிலில் வந்து நிற்கிறார்கள். பாதிரியாரும், ராணியும், அழுகிற ஜப்பான்காரர்களும் அந்த முற்றத்தில் எங்கள் பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருந்தது. அத்தனை தேசமும் அண்ணாந்து பார்க்கிற அந்த உயிர், எங்கள் காட்டுத் தழை ஒரு கையளவு தின்றுவிட்டுத் தலை குனிந்து நடந்தது.

“அந்த ஊர்லல்லாம் வயித்து வலி வந்தா என்னா பண்ணுவாங்க பாய்?”

“இதேதான். ஷேக்கும் இப்படித்தான் வாலுக்குப் பின்னாடி நின்னாரு.”

வெயில் சாயும் நேரத்தில் குதிரை நின்றது. வாலை லேசாகத் தூக்கியது. பொத்பொத்தென்று பச்சை உருண்டைகள் விழுந்தன. டாக்டர் குனிந்து ஒன்றை உடைத்துப் பார்த்துத் தலையாட்டினார். முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாய் குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்து என்னமோ முணுமுணுத்தார். அது காதை அசைத்தது.

“நாளைக்கு ஓடுமா?” என்றேன்.

“நாளைக்கு எங்க ஓடறது? ரெஸ்டு. அடுத்த மாசம் ஓடும். நீங்க மொதல்ல எதுனா சாப்புடுங்க, வந்ததுலருந்து உங்க மூஞ்சியும் அது மூஞ்சி மாதிரியே இருக்குது.”

ஊர் திரும்பியபோது சம்சாரம் விழித்திருந்தாள். “அவ்ளோ தூரம் பெங்களூரு போனீங்களே, என்னாத்த பாத்தீங்க?”

“குதிரை லத்தி போட்டுது. பாத்துட்டு வந்தேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடு எழுந்து நின்றது. நான் போய் அதன் வயிற்றையும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.